லாரி ஓட்டத் தெரிஞ்சவங்க: போன் இருக்க கம்ப்யூட்டர் எதுக்கு?

"கையில போன் இருக்கு, வேணும்னா ஒரு டேப்லெட் வாங்கிக்கலாம். அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு?" இந்தக் கேள்விக்கு வயசு பதினைஞ்சு தாண்டிடுச்சு. அதோட கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். அதுக்கு முதல்ல சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிட்டு வரலாம்.

செவ்வாய்க்கிழமை சந்தை கூடின இடம், அதனால அந்தப் பேர். இன்னைக்கும் லீ பஜார் பக்கம் போனா மண்டிகள், மூட்டைகள், லோடு இறக்கிட்டு நிக்கிற லாரிகள். இந்தப் பக்கம் சங்ககிரி, லாரி உரிமையாளர்கள் நிறைஞ்ச ஊர். அந்தப் பக்கம் நாமக்கல், லாரிக்கு பாடி கட்டுற ஊர். லாரியைப் பத்தி எதுக்குப் பேசறேன்னா, நம்ம கேள்விக்கு ரொம்பப் பிரபலமான பதிலே லாரியை வெச்சு வந்ததுதான்.

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. ஜூன் மாசம் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில், இனிமே டேப்லெட்தானான்னு ஸ்டீவ் ஜாப்ஸைக் கேட்டாங்க. அவர் பதிலோட சாரம் இதுதான்: அமெரிக்கா விவசாய நாடா இருந்தப்ப எல்லா வண்டியும் டிரக், ஜனங்க நகரத்துக்கு வந்ததும் கார் வந்துச்சு. கம்ப்யூட்டரும் டிரக் மாதிரி ஆகிடும். ஒழிஞ்சு போகாது, ஆனா கொஞ்ச பேருக்குத்தான் தேவைப்படும்.

அடுத்த வருஷமே இந்தியாவில் ரெண்டு அரசுகள் ரெண்டு விதமா யோசிச்சாங்க. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்க, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் போச்சு. சரியா இருபது நாள் கழிச்சு, அக்டோபர் 5 அன்று, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். ஏழு இன்ச் திரை, 256 எம்பி ராம். உலகத்திலேயே மலிவான டேப்லெட்னு பேசப்பட்டது. ஆனா அழுத்தித் தொட்டாத்தான் வேலை செய்யுற திரை, சீக்கிரம் தீர்ந்துபோற பேட்டரி. சில வருஷத்துல ஆகாஷ் காணாமப் போச்சு. தமிழ்நாட்டு லேப்டாப்போ 50 லட்சத்துக்கும் மேலானவங்க கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்ப ஜாப்ஸ் சொன்னது தப்பான்னா, இல்லை. உலகத்தில் 2011-ல் சுமார் 36 கோடி கம்ப்யூட்டர் சந்தைக்குப் போனது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா சரிவுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதே அக்டோபரில், ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் இணையம் பார்க்கறதுல போனும் டேப்லெட்டும் சேர்ந்து கம்ப்யூட்டரை முதல் தடவையா முந்தின. 2017-18-ல் மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் இந்தியாவில் 10.7 சதவீதம்தான். இங்க பெரும்பாலான வீட்ல போன் கம்ப்யூட்டரைத் துரத்தலை. அங்க கம்ப்யூட்டரே இருந்ததில்லை. போன்தான் முதல் கம்ப்யூட்டர்.

இது சின்ன விஷயம் இல்லை. மண்டிக்காரர் விலை கேக்கறது, சரக்கு போட்டோ அனுப்பறது, பணம் வாங்கறது எல்லாம் போன்லயே முடியுது. ஆனா அதே கடைக்குள்ள கணக்கு எழுதற மேஜையைப் பாருங்க. பில், ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்குன்னு வந்தா பெரும்பாலும் கீபோர்டும் டேலியும்தான். 2018 ஏப்ரலில் இருந்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல சரக்கோட மாநிலம் தாண்டற லாரிக்கு பொதுவா இ-வே பில் வேணும். அந்த பில்லை போன்லயும் எடுக்கலாம். ஆனா அது நிக்கறது பின்னாடி இருக்கற கணக்கு மேலதான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடினப்ப இது வீட்டுக்குள்ள வந்துச்சு. பாடம் கேக்க போன் போதும். அதே போன்ல பத்துப் பக்கம் கட்டுரை எழுதணும், புரோகிராம் போடணும்னா? அது பெரிய வேலை. முடிஞ்சவங்க லேப்டாப் வாங்கினாங்க. அந்த 2021-ல் உலக விற்பனை திரும்பவும் சுமார் 34 கோடிக்கு ஏறியது. முடியாதவங்க ஒரே போனை அண்ணன் தங்கச்சியோட பங்கு போட்டுக்கிட்டாங்க. இங்க இலவச லேப்டாப் திட்டமும் அந்தச் சமயத்துலதான் நின்னுபோயிருந்தது.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாக அறிவித்தது. கவனிச்சீங்களா, ரெண்டுல ஒண்ணு. ஆனா அதுக்கப்புறம் எல்காட் விட்ட டெண்டர் லேப்டாப்புக்குத்தான். 2011-ல் டெல்லியும் சென்னையும் பிரிஞ்ச இடத்துல, சென்னை ரெண்டாவது தடவையும் கீபோர்டு பக்கமே நின்னுச்சு.

ஜாப்ஸ் சொன்ன உதாரணத்தை செவ்வாய்ப்பேட்டையில நின்னு கேட்டா வேற மாதிரி காதுல விழுது. லாரி ஓட்டறவங்க கொஞ்ச பேர்தான். ஆனா ஊருக்கே அரிசியும் பருப்பும் வர்றது லாரியிலதான். நாம போன்ல பார்க்கற ஆப், வீடியோ, பாடம் எல்லாத்தையும் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் செய்யறாங்க. அந்த ஒருத்தர் யார் வீட்டுப் பிள்ளைங்கறதுதான் கேள்வி. போன் மட்டுமே இருக்கற வீட்டுப் பிள்ளைக்கு டிரைவர் சீட் கிடைக்கணும்னா, யாராவது ஒரு தடவையாவது சாவியைக் கையில கொடுக்கணும்.

உங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு, யார் கொடுத்தாங்கன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.