மேளச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்தும் குழந்தை... அடமா? புலன் உணர்வு வேறுபாடா?

கோயில் கொடை மேளம், அசனப் பண்டிகைக் கூட்டம், நாள் முழுக்க ஸ்பீக்கர்... தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம் வட்டாரத்தில் இதெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அதே இடத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால், "எதுக்கு இந்த அடம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். உண்மையில் அது அடமாக இல்லாமல் இருக்கலாம்.

புலன் உணர்வு வேறுபாடு என்றால் என்ன?

ஃபேன் சத்தம் கொஞ்ச நேரத்தில் நம் கவனத்தில் இருந்தே போய்விடும். தேவையில்லாததை மூளை ஒதுக்கிவிடுவதே காரணம். சிலருக்கு இந்த வடிகட்டல் வேறு மாதிரி நடக்கும். ஐம்புலன்கள் மட்டுமல்ல, உடல் சமநிலை, தசை-மூட்டு அசைவு, பசி, வலி போன்றவையும் இதில் அடங்கும்.

எப்படித் தெரியும்?

* அதிகம் உணர்பவர்கள்: மிக்ஸி சத்தம், சட்டை லேபிள், தலை வாருவது, மீன் வாடை எதுவும் தாங்காது.
* குறைவாக உணர்பவர்கள்: அடிபட்டாலும் வலி தெரியாது, பசிப்பதும் தெரியாது.
* தேடுபவர்கள்: சுற்றுவார்கள், குதிப்பார்கள், இறுக்கி அணைக்கச் சொல்வார்கள்.

ஒரே ஆளிடம் இவை கலந்தும் இருக்கலாம்.

இது நோயா?

2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும், பெரியவர்களுக்கும்கூட இது இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

* எந்த நேரத்தில், எதனால் தொல்லை வருகிறது என ஒரு வாரம் குறித்து வையுங்கள்.
* விழாவில் ஸ்பீக்கர், மேளத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள். காதை மூடும் ஹெட்போன் உதவும்.
* 'கொஞ்ச நேரத்தில் வெடி போடுவாங்க' என முன்கூட்டியே சொல்லுங்கள்.
* லேபிளை வெட்டிவிடுங்கள், மென்மையான பருத்தித் துணி கொடுங்கள்.
* தேடும் குழந்தைக்கு ஊஞ்சல், ஓட்டம், தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற வேலை கொடுங்கள்.
* 'பழகிடும்' என்று வலுக்கட்டாயமாகச் சத்தத்துக்குள் இழுத்துச் செல்லாதீர்கள். பயம்தான் கூடும்.

பெரியவர்களும் தங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை வீட்டிலும் வேலையிடத்திலும் தயங்காமல் சொல்லலாம்.

யாரைப் பார்ப்பது?

சாப்பாடு, தூக்கம், படிப்பு பாதிக்கப்பட்டால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் திறனையும் பரிசோதியுங்கள். தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான பரிசோதனை இலவசம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

விழா நடத்துபவர்கள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, ஓர் ஓரத்தில் அமைதியான இடம் ஒதுக்கினால், இந்தக் குழந்தைகளும் ஊரோடு சேர்ந்து உட்கார முடியும்.