மயிலை எழுத்துரு

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். தொண்ணூறுகளில் கணினியின் முன் உட்கார்ந்தபோது, தலைக்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகள் திரையில் ஒழுங்காக வந்தன. தாய்மொழியோ கோழிக் கிறுக்கலாய் வந்தது.

காரணம் எளியது. அன்றைய குறியீட்டில் எழுத்துகளுக்கு மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதியில் பிரெஞ்சு முதலான மேற்கு ஐரோப்பிய மொழிகள் அமர்ந்துகொண்டன. தமிழுக்கு இடமில்லை. ஆகவே ஆர்வலர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தார்கள். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால் இணையப் பக்கம் முழுக்க அர்த்தமற்ற ஆங்கிலம்தான்.

அந்த ஆர்வலர்களில் ஒருவர் முனைவர் கல்யாணசுந்தரம். பிரெஞ்சு பேசும் சுவிஸ் நகரமான லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளர். ஓய்வு நேரத்தில் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். பிறகு 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். கூலி கிடையாது.

யூனிகோட் வந்து ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்தது. 1991-லேயே அதில் தமிழ் இருந்தும், எல்லார் கணினிக்கும் வந்து சேர ஆண்டுகள் பல ஆயின. அதுவரை தமிழைத் தாங்கி நின்றவை இத்தகைய எழுத்துருக்களே.

குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் மேலிடத்து ஆணைக்குக் காத்திருந்தவன் நான். இவர்கள் யார் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. இன்று பேரன் செல்பேசியில் 'தாத்தா' என்று தமிழில் எழுதும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.