கொவிட் காலத்து முற்காப்புகள்: ஐயத்தின் ஒரு வரலாறு

2020 மார்ச் மாதக் கடைசியில் எமது ஊர்களில் மரக்கறியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணியோடு நாடெங்கும் ஊரடங்கு வந்துவிட்டது. லொறியில் வீதிக்கு வந்த கத்தரிக்காயும் பூசணியும் வாசலிலேயே மஞ்சள் நீரில் ஊறின. காசுத்தாளை வெயிலில் காயவைத்தவர்கள் உண்டு, அயன் பிடித்தவர்களும் உண்டு. கடைக்குப் போய் வந்தவர் கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம். இன்று இவற்றைச் சொன்னால் இளையவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால், ஒரு காலத்தின் அச்சத்தை எழுத வருகின்றவர் அன்றைய மக்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தெரிந்திருந்தது மிகக் குறைவு. அதே மார்ச் 17ஆம் திகதி அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிளாஸ்திக்கிலும் துருப்பிடிக்காத உருக்கிலும் இந்த வைரஸ் 72 மணித்தியாலம் வரையும் காட்போட்டில் 24 மணித்தியாலம் வரையும் தங்கியிருக்கக்கூடும் என்று அது கூறியது. அது ஆய்வுகூடத்துக் கணக்கு. ஒரு பொருளில் வைரஸ் தங்கியிருப்பதற்கும் அதைத் தொட்டவருக்கு நோய் வருவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. செய்தித் தலைப்புகளில் அந்தத் தூரம் காணாமற்போயிற்று. ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பொருட்களைத் தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. அதற்குள் எத்தனை கதவுப் பிடிகள் துடைத்துத் துடைத்தே நிறம் போயிருக்கும்!

கையைக் கழுவச் சொன்ன அதே வாய்கள் மூச்சைப் பற்றித் தடுமாறின. 2020 மார்ச் 28இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று அடித்துச் சொன்னது. தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் ஒரு மீற்றருக்குள் விழுந்துவிடும் என்பதே அப்போதைய பாடம். சுகமாயிருப்பவர் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று முதலில் கூறப்பட்டது. ஜூன் 5ஆம் திகதி அந்த ஆலோசனை மாறியது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள், மூடிய அறைகளில் நுண்துளிகள் நெடுநேரம் மிதக்கின்றன என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் இதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ள மேலும் பல மாதங்கள் எடுத்தன.

எமது பள்ளிவாசல்களைக் கொண்டு இதை இலகுவில் விளங்கிக்கொள்ளலாம். 2020 நோன்பு மாதம் பள்ளி மூடிய நிலையில் கழிந்தது. தராவீஹ் வீட்டுக் கூடத்தில் நடந்தது. பெருநாள் தொழுகையும் வீட்டில்தான். பின்னர் கதவுகள் திறக்கப்பட்டபோது வுழூவை வீட்டில் செய்து வரவேண்டும், சொந்த விரிப்புக் கொண்டுவர வேண்டும், ஸஃப்பில் ஒரு மீற்றர் இடைவெளி வேண்டும், முஸாபஹா கூடாது என்று விதிகள் வந்தன. தோளோடு தோள் நின்று பழகியவர்களுக்கு அந்த ஒரு மீற்றர் பெரும் பாரமாக இருந்தது. எனினும் சனங்கள் கட்டுப்பட்டார்கள். இன்று நாம் அறிந்தவற்றை வைத்துப் பார்த்தால் விரிப்பால் வந்திருக்கக்கூடிய கேடு அற்பம். அடைத்த ஜன்னல்களும் குளிரூட்டியும்தான் கவலைக்குரியவை. அகன்ற விறாந்தையும் நாற்புறமும் ஜன்னல்களும் வைத்துக் கட்டப்பட்ட பழைய பள்ளிகள், கண்ணாடி அடைத்துப் புதுப்பித்த பள்ளிகளைவிட இந்த நோய்க்கு ஏற்றவையாக இருந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல அது. வெக்கைக்காகக் கட்டியது.

இந்தத் தடுமாற்றம் புதியதுமல்ல. 1918இல் உலகைச் சூழ்ந்த இன்புளுவென்சா கப்பல்களோடு பயணித்தது. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. இங்கு மாண்டவர் தொகை பற்றிய மதிப்பீடுகள் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான எண்ணிக்கையிலிருந்து மூன்று இலட்சம் வரை வேறுபடுகின்றன. அன்றைய மருத்துவர்களில் பலர் 1892இல் பைபர் என்ற ஜேர்மானியர் கண்டறிந்த பக்றீரியாவே காரணி என்று நம்பியிருந்தார்கள். உண்மையான வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். எதிரி யாரென்று அறியாமலே சான் பிரான்சிஸ்கோ நகரம் 1918 ஒக்டோபரில் முகத்திரையைக் கட்டாயமாக்கியது. 1919 ஜனவரியில் அங்கு முகத்திரை எதிர்ப்புச் சங்கமொன்றே தோன்றிவிட்டது. அம்மாநிலச் சுகாதாரச் சபையைச் சேர்ந்த கெலொக் என்பவர் பின்னர் பரிசோதித்து, மெல்லிய வலைத்துணித் திரையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று எழுதினார். அதே நோய் மேற்குச் சமோவாவுக்கு 1918 நவம்பரில் ஒரே கப்பலில் போய் இறங்கி, மக்களில் ஐந்திலொரு பங்கினரைக் கொண்டுபோயிற்று. அயலிலிருந்த அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கு ஒருவரும் சாகவில்லை. காரணி தெரியாமல் எடுத்த முற்காப்புகளில் ஒன்று வீணாயிற்று, ஒன்று ஒரு தீவையே காத்தது.

எங்கள் பக்கம் வருவோம். 2020 மார்ச் கடைசி வாரத்தில் அட்டுலுகமையும் அக்குறணையும் முழுமையாக மூடப்பட்டன. ஊரின் பெயரே நோயின் பெயர்போலாயிற்று. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் வாசலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தலை ஒட்டிச் செல்வார். அயலவர் பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள். சோறும் கறியும் மதிலில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று கூப்பிட்டவர்களும் அதே அயலவர்கள்தான். வெறும் தடிமனா, மற்றதா என்ற கேள்வி ஒவ்வொரு தும்மலிலும் இருந்தது. பி.சி.ஆர். பரிசோதனை முடிவு வரும்வரை வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். முடிவு வந்தாலும் நிம்மதி முழுமையாக வராது. தொற்றி ஓரிரு நாட்களில் சோதித்தால் நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். கொத்தமல்லி அவித்தார்கள், ஆவி பிடித்தார்கள், கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்தார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததையும் சேர்த்துப் பார்த்தால் இனம், மதம், படிப்பு என்ற வேறுபாடு இந்த விடயத்தில் இருக்கவில்லை.

இந்த முற்காப்புகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. தவறென்று தெரிந்ததும் கைவிடலாம். மரக்கறிக்குச் சவர்க்காரம் போடுவதை மக்கள் நிறுத்தினார்கள். ஊறிய கத்தரிக்காய்க்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஜனாஸா விடயத்தில் நடந்தது வேறு.

மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மையித்துக்களைக் கையாள்வது பற்றி வழிகாட்டல் வெளியிட்டது. தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம் என்றும், எரிப்பதும் புதைப்பதும் பண்பாட்டைப் பொறுத்த தெரிவு என்றும் அது விளக்கியிருந்தது. எமது சுகாதார அமைச்சு மார்ச் 27இல் வெளியிட்ட வழிகாட்டலும் இரண்டையும் அனுமதித்தது. மார்ச் 30இல் நீர்கொழும்பில் இறந்த ஒரு முஸ்லிமின் உடல் எரிக்கப்பட்டது. மறுநாள் வழிகாட்டல் திருத்தப்பட்டது. ஏப்ரல் 11இல் எரித்தல் மட்டுமே என்று வர்த்தமானி வந்தது. உடலிலிருந்து வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இந்த ஐயத்தை எடுத்த எடுப்பில் பகிடி பண்ண நான் விரும்பவில்லை. மார்ச் மாதத்தில் யாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. ஆனால் நீரைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டிருந்தால், உயிரோடிருந்த நோயாளிகளின் மலசலகூடக் குழிகளைப் பற்றியல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்? அதைப் பற்றி வர்த்தமானி எதுவும் வந்ததில்லை. நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, நோய் நீங்க வேண்டுமென்று ஓதிய நீர்க் குடங்களை ஆற்றில் விட்டார். ஆற்றுக்கு அதையும் தாங்கும் சக்தி இருந்தது.

அறிவு வந்தபோதும் விதி அசையவில்லை. உயிரற்ற உடலில் வைரஸ் பெருகுவதில்லை, அதற்கு உயிருள்ள கலம் வேண்டும் என்று ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலிருந்த இலங்கையரான வைரஸ் நிபுணர் மலிக் பீரிஸ் எடுத்துக் கூறினார். டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. குடும்பங்கள் உடல்களைப் பொறுப்பேற்க மறுத்தன. பொறுப்பேற்காத உடல்களையும் எரிக்கலாமென்று சட்டமா அதிபர் ஆலோசனை கூறினார். பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்றின் உடலும் அந்த மாதத்தில் எரிக்கப்பட்டது. அதன் பின்னர் பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. அதிகாரிகள் அவற்றை அகற்றியதும் பல ஊர்களின் வேலிகளிலும் கதவுகளிலும் கபன் துண்டுகள் தோன்றின. எமது கவிஞர்கள் பலருடைய வரிகளைவிட அந்தத் துணித்துண்டு அதிகம் பேசியது என்பதை எழுதுகின்ற நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் இறுதியில் அரசு நியமித்த நிபுணர் குழுவொன்றே அடக்கமும் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அவ்வாறே கூறின. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் உடல்கள் எரிந்தன. 2021 பெப்ரவரி பிற்பகுதியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார். பெப்ரவரி 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. இந்த வரிசையை வாசிப்பவர்கள் தாமே முடிவெடுக்கட்டும்.

அனுமதியும் சந்தேகத்தோடுதான் வந்தது. முதலில் கிளிநொச்சிக்கு அப்பாலுள்ள இரணைதீவு சொல்லப்பட்டது. பல வருட இடப்பெயர்வின் பின் மீளக்குடியேறியிருந்த கத்தோலிக்க மீனவ மக்கள் எதிர்த்தார்கள். நோயைத் தங்கள் கரையில் கொண்டுவந்து இறக்குவதாக அவர்கள் அஞ்சியதைக் குறை சொல்ல முடியாது. உடல் ஆபத்தானது என்று பதினொரு மாதம் போதித்தது அரசுதான். மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதலாவது அடக்கம் நடந்தது. அடுத்த ஓராண்டு நாட்டின் எந்த மூலையில் மரணித்தாலும் அங்குதான் போகவேண்டும். அம்பியுலன்ஸின் பின்னால் காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் விடிய விடியப் பயணம் செய்து, மண் போட அனுமதி கிடைத்த ஓரிருவர் மட்டும் கபுறடியில் நின்றார்கள். 2022 மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியபோது அங்கு 3,600க்கு மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுள் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் உள்ளனர். எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 270க்கு மேல்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இந்நாட்டு நீர்நிலைகளில் செய்யப்பட்ட ஆய்வு. மேற்பரப்பு நீரில் வைரஸ் கலப்பது மனிதரின் மலசலக் கழிவினாலேயன்றி, பாதுகாப்பாகச் செய்யப்படும் அடக்கத்தினால் அல்ல என்பதே அதன் முடிவு.