அச்சுக்கூடம் முதல் மெய்நிகர் கண்ணாடி வரை

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் கண்ணாடி வகுப்பறைகளுக்குள் நுழைந்து வருகிறது. அதை அணிந்த மாணவர், இருந்த இடத்திலிருந்தே கஃபாவைச் சுற்றி நடப்பது போன்ற காட்சியைக் காண்கிறார். இதனை மார்க்கக் கல்விக்குப் பயன்படுத்தலாமா என்ற வினாவுக்கு, வரலாற்றில் முன்னுதாரணம் உண்டா என்று பார்ப்போம்.

இக்கருவியின் வேர் நமக்கு அந்நியமானதன்று. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று விளக்கினார். இரு கண்களாலும் ஒரு பொருள் ஒன்றாகவே தெரிவது எவ்வாறு என்பதையும் ஆராய்ந்தார். 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன், கண்ணுக்கு ஒன்றாகச் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி ஆழத்தின் தோற்றத்தை உண்டாக்கினார். இன்றைய மெய்நிகர் கண்ணாடியும் அம்முறையிலேயே இயங்குகிறது.

புதிய கருவியை ஆலிம்கள் எதிர்கொண்ட விதத்தை உஸ்மானியப் பேரரசில் காண்கிறோம். 1727இல் இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முதஃபர்ரிகா அச்சுக்கூடம் நிறுவ அனுமதி கோரினார். ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி அது கூடும் என்று ஃபத்வா வழங்கினார். ஆனால், பிழை திருத்தக் கற்றறிந்தோரை நியமிக்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்தார். சுல்தானின் ஆணையும் அவ்வாறே அறிஞர்களை நியமித்தது; தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்களுக்கு அப்போது அனுமதியளிக்கவில்லை. 1729இல் முதல் நூலாக ஓர் அரபி–துருக்கி அகராதி வெளிவந்தது. 1742க்குள் 17 நூல்கள் அச்சேறின.

அந்த நிபந்தனையின் நியாயம் தெளிவானது. எழுத்தர் செய்யும் பிழை ஒரு பிரதியில் நிற்கும். அச்சில் நேரும் பிழையோ எல்லாப் பிரதிகளிலும் பரவும். மெய்நிகர் காட்சியின் பிழை இன்னும் ஆழமானது. பிள்ளை அதைத் தான் நேரில் கண்டதாகவே நம்பிவிடும். தவாஃபில் கஃபா இடப்பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஹஜருல் அஸ்வதுக்கு நேராகத் தொடங்க வேண்டும். காட்சியை அமைத்தவர் இதில் தவறினால், பிள்ளையின் மனத்தில் பதிந்ததை யார் திருத்துவது?

எனவே, கருவியை வாங்குமுன் பெற்றோரும் மத்ரஸா நிர்வாகிகளும் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. அதன் உள்ளடக்கத்தைச் சரிபார்த்த ஆலிம் யார் என்பதே. சரிபார்க்கப்பட்ட காட்சி, ஹஜ்ஜின் கிரியைகளைப் புரியவைக்கும் நல்ல துணையாகும். ஆயினும் காட்சியைக் காண்பது தவாஃப் ஆகாது. மாணவரின் ஓதலைச் செவியுற்று மக்ரஜைத் திருத்தும் உஸ்தாதின் இடத்தையும் அது நிரப்பாது.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.