காணொளி வடிவ மாற்றம்

ஒரு வடிவில் உள்ள வீடியோ கோப்பை வேறு வடிவுக்குக் கொண்டுவருதல். இதற்கான கட்டற்ற மென்பொருள்களில் தலையாயது எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கியது. அதில் கட்டளை எழுதத் தயங்குவோருக்கு ஹேண்ட்பிரேக் எளிது.

எடுத்துக்காட்டாக, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில், பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. மாங்கனித் திருவிழாவோ கல்யாணமோ பழைய டிவிடியில் இருந்தால், அதன் விஓபி கோப்புகளை எச்.264 குறியாக்கத்தில் எம்பி4 ஆக்கினால் இரு கரையிலும் கைபேசியில் ஓடும். அசைவில் சீப்புப்பல் போன்ற கோடுகள் தெரிந்தால் பின்னல் நீக்க வடிகட்டி தேவை. எச்.264 படம் உள்ள எம்கேவி கோப்புக்குப் பெரும்பாலும் மறுகுறியாக்கம் இன்றி, படமும் ஒலியும் அடங்கிய உறையை எம்பி4-க்கு மாற்றினாலே போதும். தரம் துளியும் குறையாது. மறுகுறியாக்கத்தில் இழந்த தரம் திரும்பாது. எனவே மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.