சேரிங்காம் என்னும் தீவு

தசரா விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரனுக்கு ஏதாவது ஒரு தீவைப் பார்த்தாக வேண்டுமாம். அந்தமான், மாலத்தீவு என்று கைபேசியில் படம் படமாகக் காட்டினான். "தீவுதானே? நாளைக்கே போகலாம், பாட்டியை தயிர்சாதம் கட்டச் சொல்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை முதலில் முக்கொம்பு. காவிரி இரண்டாகப் பிரியும் இடம். வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் கிடக்கும் நிலம்தான் தீவு. திருவானைக்காவும் ஸ்ரீரங்கமும் அதன் மேல்தான் இருக்கின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். அதனால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிட, காவிரி மண்மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1830-களில் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனதை நம்மூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு முழங்கால் வலி. மர நிழலில் உட்கார்ந்தபோதுதான் பழைய பாடப் புத்தகம் ஞாபகம் வந்தது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். துய்ப்ளேக்ஸ் பாடத்தில் 'சேரிங்காம்' என்று ஒரு தீவு வரும். அங்கே பிரெஞ்சுப் படை சரணடைந்தது, துய்ப்ளேக்ஸின் கனவு சரிந்தது என்று மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். எங்கோ கடல் நடுவில் இருக்கும் தீவு என்றே எண்ணம். வேலை கிடைத்துத் திருச்சிக்கு வந்து, காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதுதான் ஒருநாள் சட்டென்று உறைத்தது, சேரிங்காம் என்பது ஸ்ரீரங்கம்!

நடந்தது இதுதான். 1751-ல் சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர் முகமது அலி. அவர் பக்கம் ஆங்கிலேயர், தஞ்சாவூர், மைசூர், மராத்தியர். 1752 வசந்தத்தில் லாரன்ஸும் கிளைவும் படையோடு வந்து சேர, பிரெஞ்சுத் தளபதி ழாக் லா கலங்கிப்போய் ஆற்றைக் கடந்து தீவுக்குள் புகுந்தார். (பாரிஸில் காகிதப் பணம் அச்சிட்டு ஊரையே திவாலாக்கிய ஜான் லா இவருக்குப் பெரியப்பா முறை.) கொண்டுபோக முடியாத தானியத்தைக் கொளுத்திவிட்டே போனாராம். அடுத்த வேளைச் சோற்றை எரித்துவிட்டு முற்றுகைக்குள் நுழைந்த தளபதியை என்ன சொல்வது!

சித்திரை, வைகாசியில் இரண்டு ஆறும் பெரும்பாலும் மணல்தான். இருந்தும் தப்ப முடியவில்லை. தெற்கே லாரன்ஸ். வடக்கே சமயபுரத்தில் கிளைவ். கிழக்கே கோயிலடிக் கோட்டையைத் தஞ்சாவூர்த் தளபதி மானோஜி பிடித்துவிட்டார். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் பிச்சாண்டார்கோயிலும் கிளைவ் கைக்கு வந்ததும், பீரங்கிக் குண்டுகள் தீவுக்குள்ளேயே விழ ஆரம்பித்தன. உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்தில் மடக்கப்பட்டது. ஜூனில் எல்லாம் முடிந்தது. மானோஜியின் வாக்கை நம்பி வெளியே வந்த சந்தா சாகிபின் தலை போயிற்று. பொய்ச் சத்தியம் செய்து ராணி மீனாட்சியை ஏமாற்றியவர் என்று இந்த ஊரில் சொல்லப்படுபவர் அவர். லா ஏறத்தாழ எண்ணூறு வெள்ளைச் சிப்பாய்களோடு சரணடைந்தார்.

பிரெஞ்சுப் பாடம் இங்கே முடிந்துவிடும். கோயில்களுக்கு என்ன ஆயிற்று என்று அதில் ஒரு வரி கிடையாது. ராபர்ட் ஓர்ம் 1763-ல் வெளியிட்ட வரலாற்றைப் பின்னாளில் படித்தேன். பிரெஞ்சுப் படை தங்கியது ஜம்புகேசுவரர் கோயிலில். சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள். இப்போதுள்ள ராஜகோபுரம் அன்று மொட்டையாக நின்றது. 1987-ல்தானே நிறைவு பெற்றது. தலைவன் போய்விட்டான், தோற்றாகிவிட்டது. ஆனாலும் உள்ளே இருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள் வெளியேற மறுத்தார்கள். மூன்றாம் மதிலைத் தாண்டி யார் கால் வைத்தாலும் வெட்டிப் போடுவோம் என்றார்கள். ஆங்கிலேயர் வியந்துபோய், உள்ளே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்களாம். எங்கோ வடக்கே பிறந்து, நவாபிடம் சம்பளம் வாங்கியவர்கள், அரங்கனுக்காகச் சாகத் துணிந்து நின்றார்கள். ஐம்பது ஆண்டுகளாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மதியம் அம்மா மண்டபத்தில் தயிர்சாதம் சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். என் மனைவி பிறந்து வளர்ந்தது திருவானைக்காவில். "எங்க கோயில்ல பீரங்கியோட இருந்தாங்களா? எங்க பாட்டிகூட சொன்னதில்லையேங்க" என்று கொஞ்ச நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பேரன் மாலத்தீவை மறந்துவிட்டான். "தாத்தா, அந்த மூணாவது மதில் வெளியிலிருந்து எண்ணணுமா, உள்ளேயிருந்தா?" என்று கேட்டான். கையைக் கழுவிக்கொண்டு, முழங்கால் வலியைப் பார்க்காமல், எண்ணிப் பார்க்கவே கிளம்பினோம்.