ஆராய்ச்சியுரையும் எழுதுகருவியும்

தில்லியின் தென்மேற்கே துவாரகாவில், 1998இல் நிறுவப்பெற்ற குரு கோபிந்த் சிங் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகமும் 2008இல் தோன்றிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் விளங்குகின்றன. இத்தகைய கழகங்களில் ஆய்வு புரியும் நம் தமிழ் இளைஞர் சிலர்க்குக் கருத்து உள்ளத்தில் உண்டு. ஆங்கில நடைதான் வாராது. முன்பு அக்குறையை ஆசிரியரோ நண்பரோ திருத்தித் தீர்த்தனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததுமுதல், செயற்கை நுண்ணறிவுக் கருவி அப்பணியை நொடியில் செய்கிறது.

துணை பெறுதலை நாம் இழுக்கென்று கருதவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச்சுவடி அளித்து உதவியோரை முகவுரையில் பெயர்சொல்லிக் குறித்தார். எச்சுவடி எங்கிருந்து வந்தது என்று பின்வந்தோர் அறிய அது வழியாயிற்று.

கருவியின் துணையோ மறைந்து நிற்பது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி நூற்றுக்கு 10 வரை பொறுக்கப்படும். 60ஐக் கடந்தால் மாணவரின் பதிவே நீக்கப்படும். கருவி ஒருவர் எழுத்தை அப்படியே பெயர்த்தெழுதாமல் புதிதாகத் தொடுத்துத் தருவதால், இவ்வளவுகோலுக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. இல்லாத நூலை உள்ளதுபோல் மேற்கோள் காட்டும் குற்றமும் அதற்குண்டு. அதனை நம்பி நூலகம்தோறும் அலைவோர் பாடு இரங்கத்தக்கது!

2023 சனவரியில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ், இக்கருவியை ஆசிரியராக ஏற்பதில்லை என்றும், பயன்படுத்தியவர் அதனைக் கட்டுரையிலேயே குறிப்பிடுதல் வேண்டும் என்றும் அறிவித்தது. சாமிநாதையர் முகவுரையின் வழக்கமும் இதுவேயன்றோ? நம் இளைஞரும், எவ்வியலை எக்கருவி திருத்திற்று என்பதை நெறியாளரிடம் முதலிலேயே கூறிவிடலாம். வாய்மொழித் தேர்வில் அவ்வரிகளுக்கு விடைகூற வேண்டியவர் அவர்களே.